காளைக் கன்றுக்கு யார் பொறுப்பு

உங்களுக்குக் கைராசி இருப்பதாக ஊர் பேசத் தொடங்கினால், அன்றைக்கே ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எங்காவது போய்விடுங்கள். திரும்பி வருவதற்குள் ஊர் வேறு யாரையாவது பிடித்துக்கொண்டிருக்கும். நான் போகவில்லை. இருந்து அனுபவித்தேன். கால்நடை மருந்தகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் சினை ஊசியை எப்படிப் போடுவது என்று பயிற்சியில் கற்றிருப்பீர்கள், அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கைராசி விவகாரத்தை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியில், வில்லியனூர் கொம்யூனில் ஒரு சின்ன மருந்தகத்தில் உதவியாளனாக இருந்தேன். ஒதியம்பட்டும் எங்கள் எல்லைக்குள்தான். மாடு வளர்க்கிறவர்கள் எல்லாருக்கும் கிடேரிக் கன்று வேண்டும். கிடேரி வளர்ந்தால் கறக்கும், காளை வளர்ந்தால் தின்னும். கிடேரியே பிறக்கும்படியான ஊசி இப்போது வந்துவிட்டது. அப்போது எங்கள் மருந்தகத்துக்கு அது வரவில்லை. கன்று கிடேரியா காளையா என்பது பூவா தலையா போட்டுப் பார்ப்பதுதான். போடுகிறவன் கைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இது எனக்குத் தெரியும். ஆனால் ஒதியம்பட்டில் வசந்தா என்று ஒரு அம்மா இருந்தார். அவர் வீட்டு மாட்டுக்கு நான் மூன்று தடவை ஊசி போட்டேன், மூன்றும் கிடேரி. வசந்தாம்மாவிடம் ஒரு சேதி போனால் அது மைக் செட் கட்டாமலே தெருக்கோடி வரை போய்விடும். "அந்த சார் கை பட்டா கெடேரிதான், எழுதி வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டார். அதே சமயம் அந்தத் தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் கிடேரி பிறந்தது. அவ்வளவுதான். அடுத்த மாதம் என் பெயரே போய்விட்டது. எல்லாருக்கும் நான் 'ராசி சார்'.

முதலில் கூச்சமாக இருந்தது. ஒரு பத்து நாள் இருந்திருக்கும். பிறகு பழகிவிட்டது. வாழைத்தாரும் பூசணிக்காயும் வீடு தேடி வந்தால் கூச்சம் எத்தனை நாளைக்குத் தாங்கும். கூடவே நிபந்தனைகளும் வந்தன. ஒரு வீட்டில் நான் ஊதா சட்டை போட்டுக்கொண்டு வரவேண்டும்.

"இன்னா சார், இன்னிக்கு வெள்ள சட்ட? போன தடவ ஊதாவ போட்டுகினு வந்தப்போதான கெடேரி வந்துது" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"துவைக்கப் போட்டிருக்கேன்" என்றேன்.

"ஈரமா இருந்தாலும் பரவால்ல, போயி மாத்திகினு வந்துடுங்க சார்."

போய் மாற்றிக்கொண்டு வந்தேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இன்னொருவர் தன் புதுக் குழாய்க் கிணற்று மோட்டாரின் சுவிட்சை என் கையால் போடச் சொன்னார். ஒரு பெண் ஹால் டிக்கெட்டை நீட்டி, தொட்டுத் தரச் சொன்னாள். ஒருவர் மகனுக்குப் பெண் பார்க்க என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பெண்வீட்டில் என்னை மாப்பிள்ளைக்கு மாமா என்று அறிமுகம் செய்து வைத்தார். கேசரி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

என் மனைவிக்கு மட்டும் இதெல்லாம் ஏறவில்லை. நான் நட்ட கறிவேப்பிலைக் கன்று மூன்று முறை பட்டுப்போனது. "உங்க கைராசி வூட்டு வாசலோட நின்னுடுமா, உள்ள வராதா?" என்று கேட்டாள். மண் சரியில்லை என்றேன்.

அப்படி நான் உச்சியில் உட்கார்ந்திருந்த நாளில்தான் மல்லிகா வந்தாள். வசந்தாம்மாவுக்கு அடுத்த வீடு. கணவன் முருகனுக்குச் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த ஒரே ஒரு மாடு. அது இரண்டு முறை ஈன்றது, இரண்டும் காளை. அதிலிருந்து தெருவில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. மல்லிகாவுக்கு மாட்டு ராசி இல்லை. வசந்தாம்மா அதை அவள் எதிரிலேயே, குழம்புக்கு உப்பு போதவில்லை என்று சொல்கிற குரலில் சொல்வார். போகப்போக 'மாட்டு' என்ற சொல் உதிர்ந்துவிட்டது. மல்லிகாவுக்கு ராசி இல்லை என்று மட்டும் நின்றது. முருகனுக்கு ஓவர்டைம் கிடைக்காவிட்டாலும் அவள் ராசி, மழையில் கூரைத் தகடு பறந்தாலும் அவள் ராசி.

"சார், இந்தத் தடவ நீங்களே வந்து போடணும். வேற யாரையும் நான் வுட மாட்டேன்" என்றாள்.

இந்த இடத்தில்தான் நான் தப்பு செய்தேன். யார் போட்டாலும் ஒன்றுதான் என்று சொல்ல வேண்டிய இடம். நான் என்ன சொன்னேன் தெரியுமா. "வேற யாரையும் விடாதம்மா. எனக்கு ஒரு போன் பண்ணு, என் கையால போடறேன்" என்றேன். சொல்லிவிட்டு சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டதாகவும் ஞாபகம்.

மாடு நம் வசதிக்குக் கத்தாது. இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். காலையில் கத்தினால் மாலைக்குள், மாலையில் கத்தினால் மறுநாள் காலைக்குள் ஊசி போட்டாக வேண்டும். விட்டால் மறுபடி இருபத்தொரு நாள். முதல் தடவை அது கத்திய அன்று நான் உறவுக்காரர் கல்யாணத்துக்காகக் கும்பகோணத்தில் இருந்தேன். எங்கள் மருந்தகத்தில் பர்வீன் என்று ஒரு பெண் என்னோடு வேலை பார்த்தாள். அப்பா வில்லியனூரில் மளிகைக் கடைக்காரர். வேலையில் என்னைவிடக் கெட்டி, இதை இப்போது சொல்வதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் இல்லாததால் அவள் ஸ்கூட்டியில் போயிருக்கிறாள். மல்லிகா கேட்டைத் திறக்கவே இல்லை.

"ராசி சார் வருவாருக்கா. நீங்க கோச்சிக்காதீங்க" என்று சொல்லி, ஒரு டம்ளர் மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

இரண்டாவது தடவை நான் ஊரில்தான் இருந்தேன். ஆனால் எனக்காகவே நான்கு ஊரில் காத்திருந்தார்கள், ஒரு வீட்டில் ஊதா சட்டை வேறு. நான் ஒதியம்பட்டு போய்ச் சேர்ந்தபோது மாடு அமைதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது. காலம் கடந்துவிட்டது. அன்றும் பர்வீன் காலையிலேயே போய் மோர் குடித்துவிட்டு வந்திருந்தாள்.

மூன்றாவது தடவை வருவதற்குள் நான் விழுந்துவிட்டேன். எப்படி விழுந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது. டீக்கடையில் இருந்து யாரோ "ராசி சார்" என்று குரல் கொடுத்தார்கள். நான் வண்டியை நிறுத்தாமல் வலது கையைத் தூக்கி ஆட்டினேன். எதிரில் புதிதாகப் போட்ட வேகத்தடை. மணிக்கட்டில் எலும்பு விரிசல், விரல் நுனி மட்டும் தெரிகிற மாதிரி மாவுக்கட்டு. என்னைத் தூக்கிவிட்டவர், "நல்ல வேள, ராசி இருந்ததால கையோட போச்சு" என்றார்.

வீட்டில் இருக்கப் பிடிக்காமல் கட்டோடு மருந்தகத்துக்குப் போய் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் பர்வீன் ஹெல்மெட்டைக் கழற்றி என் மேசை மேல் டொக்கென்று வைத்தாள்.

"சார், மல்லிகா வூட்டு மாட்ட விக்கப் போறாங்க. பால் சுத்தமா வத்திடுச்சு. தீனிக்கே கட்டலைன்னு அவங்க வூட்டுக்காரரு தரகர வரச் சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழம வராரு."

"அடுத்த தடவை..." என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டு தடவ போச்சு சார். நான் வாசல்ல நிக்கிறேன், மாடு கத்துது, கையில ஊசி இருக்குது. எனக்கு மோர் குடுத்து அனுப்புறாங்க. யாரால?"

அடுத்த அறையில் எங்கள் டாக்டரம்மா இருந்தார். சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. கதவருகில் வந்து நின்று என்னைக் கேட்டார். "கிடேரி பொறந்தா உங்க கைராசி. காளை பொறந்தா யார் கை?"

கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கன்று ஈன்ற விவரம் எழுதும் பதிவேட்டை இடது கையால் இழுத்துப் புரட்டினேன். நான் ஊசி போட்ட மாடுகளைத் தேடித் தேடிப் பார்த்தேன். பாதி கிடேரி, பாதி காளை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. காளை பிறந்த வீடுகளில் என்ன சொன்னார்கள் என்று யோசித்தேன். ஒருவர்கூட என்னைக் குறை சொன்னதில்லை. "எங்க நேரம் சார்" என்று சொல்லி, காபியும் கொடுத்திருக்கிறார்கள். நல்லது நடந்தால் எனக்கு, கெட்டது நடந்தால் அவர்களுக்கு. இப்படி ஒரு ஏற்பாடு எத்தனையோ நாளாக நடந்துகொண்டிருந்தது, நான் அதில் வாழைத்தார் வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு பக்கத்தில் மல்லிகா பெயர் இருந்தது. அவள் மாட்டுக்கு முந்தைய இரண்டு ஊசியும் போட்டது யார் என்று பார்த்தேன். என் கையெழுத்து. இரண்டு தடவையும் நான்தான் போட்டிருக்கிறேன், எனக்கு அது மறந்தே போயிருந்தது. பதிவேட்டை மூடினேன். வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் மல்லிகாவிடமிருந்து போன். "சார், காலையிலருந்து கத்துது. வந்துடுங்க சார்." அவள் குரலுக்குப் பின்னால் மாட்டின் குரலும் கேட்டது. அந்தத் தடவை விட்டால் மறுநாள் தரகர் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். ஊசி போட்டுவிட்டால் மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பதாக முருகன் ஒத்துக்கொண்டிருந்தான். பர்வீன் ஸ்கூட்டியில் பின்னால் ஏறினேன். கட்டுப் போட்ட கையை வைக்க இடமில்லாமல் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டேன். வழியில் நான்கு பேர் நான் ஆசீர்வாதம் செய்வதாக நினைத்துக் கும்பிட்டார்கள்.

மல்லிகா கேட்டைத் திறந்தாள். மாவுக்கட்டைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது.

"இன்னா சார் இது?"

"உடைஞ்சிடுச்சும்மா. இந்த வேலைக்கு ரெண்டு கையும் வேணும். பர்வீன் போடுவாங்க."

"வேணாம் சார். எடக்கையால முடியாதா? நான் மாட்ட ஆடாம புடிச்சிக்கிறேன்."

அங்கேயே நின்று உண்மையைச் சொன்னேன். என் கையில் ஒன்றும் இல்லை, பதிவேட்டைப் பார்த்துவிட்டேன், பாதிக்குப் பாதி காளை என்றேன். "உன் மாட்டுக்கு முன்னாடி ரெண்டு தடவையும் நான்தாம்மா போட்டேன். ரெண்டும் காளை" என்றும் சொன்னேன்.

"தெரியும் சார்" என்றாள். "அவ்ளோ ராசியான கை. அதையே என் ராசி கெடுத்துடுச்சு பாருங்க. அதான் இன்னொரு தடவ பட்டா சரியாயிடும்னு பாத்தேன்."

தம்பிகளே, தங்கைகளே, அந்தப் பதில் என்னை அடித்த மாதிரி இதுவரை யாரும் அடித்ததில்லை. என் பெருமைக்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தது இவள். உட்கார வைத்து முழுசாகப் பேசிப் புரியவைக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் மாடு காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது, வெயில் இறங்கிவிட்டது. பர்வீன் கையுறையைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒரு நிமிடம் யோசித்தேன். மல்லிகாவுக்கு இன்னும் பத்து வருடம் பேசிப் புரியவைக்கலாம். மாட்டுக்கு இருப்பது இன்றைய சாயங்காலம் மட்டும்தான்.

"சரிம்மா. ஊசிய பர்வீன் போடட்டும். நான் மாட்டு மேல கைய வெச்சிக்கிறேன். போதுமா?"

மல்லிகா யோசித்தாள். "வலது கையா சார்?"

"வலதுதான்."

"வெரல் படுமா?"

விரல் நுனியை ஆட்டிக் காட்டினேன். ஒத்துக்கொண்டாள். மாட்டின் முதுகில் விரல் படவேண்டும் என்றால் கட்டுப் போட்ட கையை மேலே தூக்கி, பக்கவாட்டில் சாய்ந்து, ஒற்றைக்காலில் நிற்கிற மாதிரி நிற்கவேண்டியிருந்தது. பர்வீன் வேலையைத் தொடங்கினாள். மாடு என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தது. பிறகு, அதுவரை சாணத்தில் கிடந்த வாலைச் சுழற்றி என் கட்டின் மேல் பளாரென்று ஒன்று வைத்தது. கையை எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க சார்" என்று மல்லிகா பதறினாள்.

இரண்டாவது, மூன்றாவது அடியும் வாங்கிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து முருகன் ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தான். சாணம் வடிய ஒரு அரசு ஊழியர் தன் மாட்டைத் தடவிக்கொண்டு நிற்பதையும், பக்கத்தில் மனைவி கைகூப்பி நிற்பதையும் பார்த்தான். ஒன்றும் கேட்காமல் கைகால் கழுவப் போய்விட்டான்.

"முடிஞ்சிது சார். கைய எறக்கலாம்" என்றாள் பர்வீன். அன்று திரும்பும் வழி முழுக்க அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. கட்டைப் பிரித்த அன்று எலும்பு டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு, நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த தரகர் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். மூன்றாம் மாதம் பர்வீன் சோதித்துப் பார்த்து, சினை நின்றிருக்கிறது என்றாள். அன்று நானும் கூடப் போயிருந்தேன். மல்லிகா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை, முகத்தைக் காட்டவில்லை.

நான் ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கும்போது அது ஈன்றது. சேதி கேட்டு நானும் பர்வீனும் போனோம். வாசலில் தெருவே கூடியிருந்தது. மாடு நன்றாக இருந்தது. மடி பெருத்து, தொட்டால் பால் வடிகிற மாதிரி இருந்தது. மல்லிகா பெரிய குண்டானில் சீம்பால் கறந்து வைத்திருந்தாள். கன்று நான்கு காலையும் நான்கு பக்கம் பரப்பிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தது. குனிந்து பார்த்தேன். காளை.

கூட்டத்தில் வசந்தாம்மாதான் முதலில் பேசினார். "மாடு நல்லாதான் கீது. இன்னா பண்றது, அவ ராசி அப்படி."

மல்லிகா குண்டானைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கறந்து வைத்த பால் கண் முன்னால் இருந்தும், அவள் முகம் அன்றைக்கு மாவுக்கட்டைப் பார்த்தபோது இருந்த மாதிரியே ஆகிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அவ ராசி இல்லம்மா. இது என் கை" என்றேன்.

வசந்தாம்மா திரும்பினார். "இன்னா சார் சொல்றீங்க?"

"இந்த மாட்டுக்கு மூணு காளையும் என் கை பட்டுதான் வந்துது. உங்க வூட்டுக் கிடேரிக்கு என் கைதான் காரணம்னா, இதுக்கும் என் கைதான் காரணம். மல்லிகா இன்னா பண்ணுவா?"

"சார், இந்தத் தடவ ஊசி போட்டது நானு" என்று பர்வீன் ஆரம்பித்தாள். அவள் காலை லேசாக மிதித்தேன். புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

கூட்டம் என் கையைப் பார்த்தது. பின்வரிசையில் ஒருவர், "எங்க மோட்டார் சுவிட்ச அவருதான் போட்டாரு. ஒரே மாசத்துல மோட்டார் காயில் எரிஞ்சிபோச்சு" என்றார். இன்னொருவர், தன் மகனுக்கு இன்னும் பெண் அமையவில்லை என்றார். என்னைக் காரில் ஏற்றிப் போய்க் கேசரி சாப்பிட வைத்தவர் அவர். வசந்தாம்மா பர்வீன் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டார். "எங்க மாடு அடுத்த வாரம் கத்தும்மா. நீயே வந்துடு" என்றார். என் கைராசி அந்த இடத்திலேயே, எல்லார் முன்னிலையிலும் முடிந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மல்லிகா உள்ளே போனாள். கோபித்துக்கொண்டாளோ என்று நினைத்தேன். திரும்பி வரும்போது ஒரு பிடி உப்பும் காய்ந்த மிளகாயும் அவள் கையில் இருந்தன.

"கைய நீட்டுங்க சார்."

"எதுக்கும்மா?"

"எவ்ளோ ராசியான கை. இப்படி ஆயிடுச்சே. யாரோ நல்லா கண்ணு வெச்சிருக்காங்க. சுத்திப் போடறேன்."

ஓய்வு பெற ஒரு மாதம் இருக்கிற அரசு ஊழியன், நடு வாசலில், தெரு முழுக்கப் பார்க்க வலது கையை நீட்டிக்கொண்டு நின்றேன். மூன்று முறை சுற்றினாள். துப்பச் சொன்னாள், துப்பினேன். வாசலில் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்த அடுப்பில் அத்தனையையும் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் எரியும்போது நெடியே வராது என்பார்கள், உங்களுக்குத் தெரியும்.

வந்தது. முதலில் வசந்தாம்மா இருமினார். அடுத்து பர்வீன், அடுத்து நான், பிறகு தெருவே இருமியது. கன்றுக்குட்டிகூடத் தும்மியது.

மல்லிகா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவள் சிரித்து அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"கண்ணெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்றாள். "உங்க கையே அப்படித்தான்."